மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

நான் தையல்காரன். இந்த நோய்க்கான லினிசோலிட் மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் மாதம், மிதிக்கட்டை எவ்வளவு அழுந்துகிறது என்று என் கால் சொல்வதை நிறுத்திவிட்டது. தையல் கோட்டைத் தாண்டி ஓடும். ஒருநாள் ஒரு செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். அதற்கு முன்பே இரண்டு வாரமாகக் கால்விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. சத்துக்குறைவு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். இதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மருந்தின்மேல் எனக்குக் கோபமில்லை. முன்பு இதே நோய்க்குப் போட்ட கானாமைசின் ஊசியில் காது போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 2018-இல்தான் உலக சுகாதார நிறுவனம் அந்த ஊசியைக் கைவிடச் சொன்னது. ஒன்றரை, இரண்டு வருடம் இழுத்த வைத்தியம் இன்று பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்று ஆறே மாதத்தில் முடிகிறது. நானும் அதில்தான் பிழைத்தேன்.

லினிசோலிட் சேர்ந்த ஆறுமாத வைத்தியத்தைச் சோதித்த நிக்ஸ் என்ற ஆய்வில் தினம் 1200 மில்லிகிராம் லினிசோலிட் கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது பேர் குணமானார்கள், பத்தில் எட்டுப் பேருக்கு நரம்பு பாதித்தது. அடுத்து வந்த ஸீநிக்ஸ் ஆய்வில் அதையே 600 ஆக்கி ஆறு மாதம் கொடுத்தபோது நரம்பு பாதிப்பு நூற்றுக்கு 24 பேராகக் குறைந்தது. குணமானவர்கள் அப்போதும் பத்தில் ஒன்பது பேர்தான். ஆக, பாதி நஞ்சு தேவையே இல்லாமல் போயிருக்கிறது! என் போன்றவர்கள் வாய்திறந்து சொன்னதால்தானே அந்தக் கணக்கே எழுதப்பட்டது?

பெடாகுயிலின் இதயத்தை என்ன செய்கிறது என்பதை ஈசிஜி காட்டிவிடும். எலும்பு மஜ்ஜை சுணங்கினால் ரத்தப் பரிசோதனையில் தெரியும். கால் மரத்துப்போவதை முதலில் அறிகிறவன் நோயாளிதான். நான் சொன்ன அன்றே அளவை 300 ஆகக் குறைத்தார்கள். இரண்டு வாரம் முன்னால் குறைத்திருக்கலாம்.

முதல் நாளே என்ன வேலை செய்கிறோம் என்று கேளுங்கள். எரிச்சல், மரத்துப்போதல், சிவப்பும் பச்சையும் மங்குதல் இவற்றில் எது வந்தாலும் அன்றே வரச் சொல்லுங்கள். வந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. அளவைக் குறைக்கவும் வழியிருக்கிறது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். மாதாமாதம் வரும்போது செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை முடித்த ஒருவன்