ஆட்சேபணை கேட்கிறீர்கள், பதிலும் சொல்லுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், மூன்றாம் முழுமைத் திட்டத்தை வரையும் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான அடுத்த திட்டம் உங்கள் கையில். இருபது ஆண்டுகளுக்கு இந்த ஊரில் எங்கே வீடு வரும், எங்கே கிடங்கு வரும், எந்த ஏரிக்குக் கீழே உள்ள நிலம் விளைநிலமாகவே இருக்கும் என்பதை அந்தத் திட்டத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் தீட்டும் நிறங்கள்தான் தீர்மானிக்கும். வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பீர்கள், மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்பீர்கள். கேட்ட பிறகு அவை என்ன ஆகின்றன என்பதுதான் எங்கள் கவலை. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: வரும் ஒவ்வொரு ஆட்சேபணைக்கும், ஏற்றீர்களா மறுத்தீர்களா, காரணம் என்ன என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 26-ஆம் பிரிவு குறைந்தது இரண்டு மாத அவகாசம் தரச் சொல்கிறது. நேரில் கேட்கப்பட வேண்டும் என்று கோருபவருக்கு அந்த வாய்ப்பையும் தரச் சொல்கிறது. (ஆட்சேபணை எழுதும் பொதுமக்கள் "என்னை நேரில் விசாரிக்கக் கோருகிறேன்" என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். அது இல்லாத கடிதம் கோப்போடு நின்றுவிடக்கூடும்.) ஆனால் ஆட்சேபணைக்குக் காரணத்தோடு பதில் எழுத வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. வழி அடைபடுவது அந்த இடத்தில்தான்.

சாதாரணக் குடும்பம் ஒன்று இன்று ஒரு ஆட்சேபணை எழுத என்ன பாடுபட வேண்டும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். நடப்புத் திட்டத்தில் ஒரு நிலத்தின் வகையை மாற்றும் நிலப்பயன்பாடு மாற்ற அறிவிப்பு ஒன்று நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்கும் காணாமல்போன பத்திர அறிவிப்புக்கும் நடுவே வருகிறது. கிராமத்தின் பெயர், சர்வே எண்கள், பரப்பளவு, இன்ன வகைப்பாட்டிலிருந்து இன்ன வகைப்பாட்டுக்கு என்ற விவரம், ஆட்சேபணை அனுப்பக் கடைசி நாள். தெருப்பெயரோ பக்கத்து அடையாளமோ இல்லாமல், படமும் இல்லாமல் வரும் அறிவிப்பைப் படித்து, அது தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலம்தான் என்று யாருக்குத் தெரியும்?

தெரிந்துகொள்ள முயன்றால் வேலை இப்படிப் போகும். முதலில் வருவாய்த் துறையின் இணையதளத்தில் அந்த சர்வே எண்ணின் புலப்படத்தை எடுக்க வேண்டும். புலப்படம் அந்த ஒரு புலத்தின் அளவுகளைத்தான் காட்டும், சுற்றியுள்ள தெருக்களைக் காட்டாது. அது ஊரில் எங்கே என்று அறியக் கிராம வரைபடம் வேண்டும். நகர அளவை முடிந்த பகுதியென்றால் பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், நகர அளவை எண் வந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடையில் நிலம் கைமாறி 45/1 என்பது 45/1ஏ1, 45/1ஏ2 என்று உட்பிரிவாகியிருந்தால், 2008-இல் ஒப்புதல் பெற்ற உங்கள் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் அந்த உட்பிரிவு இருக்காது. பிறகு, கிராமத்தின் புலங்களைப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் பக்கத்துப் புலங்களைத் தேட வேண்டும். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று ஏதாவது புறம்போக்கு ஒட்டியிருந்தால் அங்கேதான் தெரியும். நில அளவை தெரிந்தவருக்கே இது இரண்டு நாள் வேலை. வேலைக்குப் போய்வரும் மனிதர் இதைச் செய்துமுடிப்பதற்குள் கடைசி நாள் தாண்டிவிடும். ஆட்சேபணை வரவில்லை என்று கோப்பில் எழுதப்படும். ஆட்சேபணை வராததும் ஆட்சேபணை இல்லாததும் ஒன்றல்ல, ஐயா.

இத்தனையும் தாண்டி ஒருவர் எழுதிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் உங்கள் கோப்பில் இல்லாத செய்தி. 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஏறியது, எத்தனை நாள் நின்றது, எந்த வழியாக வடிந்தது என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். ஏரியின் கலங்கலிலிருந்து போகும் உபரிநீர்க் கால்வாய் பட்டா நிலங்களுக்கு ஊடே எங்கே திரும்புகிறது, எந்த மதகு மண் மூடிக் கிடக்கிறது, எந்த இடத்தில் கல்வெர்ட்டின் குழாய் கால்வாயைவிடக் குறுகலாகப் போடப்பட்டிருக்கிறது என்பதை உள்ளூர்க்காரர் கையைக் காட்டிச் சொல்வார். செயற்கைக்கோள் படத்தில் கோடையில் அது வெறும் பொட்டல். அந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், அதைத் திட்ட அலுவலர் படித்தாரா என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

படத்தின் அளவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1:20,000 அளவையில், அதாவது தாளில் 1 சென்டிமீட்டர் தரையில் 200 மீட்டர் என்றால், 6 மீட்டர் அகல வாய்க்கால் தாளில் 0.3 மில்லிமீட்டர். பேனாக் கோட்டின் தடிமனில் அது மறைந்துபோகும். பழைய கிராம வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போது, எல்லைக் கற்கள் பல காணாமல்போன ஊர்களில், 10 மீட்டர் விலகுவது எளிதில் நடக்கிற பிழை. 10 மீட்டர் விலகினால் அந்த வாய்க்கால் முழுவதுமாகப் பக்கத்துப் பட்டாவுக்குள் போய் விழும். வாய்க்கால் இருந்த இடம் மஞ்சள் நிறம் பெற்றுக் குடியிருப்புப் பகுதியாகிவிடும். இதைத் திருத்தக்கூடியவர் அந்த வரப்பில் நடந்தவர்தான். அவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் படத்தை வையுங்கள்.

இது முடியாத வேலை இல்லை. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், வார்டுகள் 200. சராசரியாக ஒரு வார்டு 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1:2,000 அளவையில் ஒரு ஏ0 தாள் (ஏறத்தாழ 1 சதுர மீட்டர் பரப்புள்ளது) 4 சதுர கிலோமீட்டரைக் கொள்ளும். பெரும்பாலான வார்டுகள் ஒரே தாளில் அடங்கும், ஓரத்தில் இருக்கும் பெரிய வார்டுகளுக்கு இரண்டு மூன்று தாள் ஆகும். சர்வே எண்ணும் தெருப்பெயரும் நீர்வழியும் சேர்த்து அச்சிட்டு, வார்டு அலுவலகத்திலும் நூலகத்திலும் இரண்டு மாதமும் ஒட்டி வையுங்கள். தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளுக்கும் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளுக்கும் இதே முறை. வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, படத்தைப் படித்துக்காட்டத் தெரிந்த ஒரு அலுவலர் அங்கே உட்காரட்டும். கடிதத்தை அங்கேயே வாங்கி வரிசை எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள்.

வரைவு முழுவதும் தமிழில் வர வேண்டும். சுருக்கம் மட்டும் தமிழில் தந்தால் போதாது. விதிமுறைத் தொகுதியும் வரைபடத்தின் குறிவிளக்கமும் ஆங்கிலப் பிரதி வரும் அதே நாளில் தமிழிலும் வர வேண்டும். மொழிக்காகச் சிறைசென்று 1939-இல் உயிர்விட்ட தாலமுத்து, நடராசன் இருவரின் பெயரைத் தாங்கிய மாளிகையில் இருந்துதான் இந்தத் திட்டம் வெளிவருகிறது. அந்தக் கட்டடத்திடம் தமிழில் படிக்கக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

தொலைநோக்கு ஆவணத்துக்காக 2022-இல் கருத்துக் கேட்டீர்களே என்று நீங்கள் சொல்லலாம். கேட்டது நல்லதுதான். ஆனால் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் மரம் வேண்டும், நடைபாதை வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். சர்வே எண் வாரியாகக் கேட்கும்போதுதான் ஒருவர் நலனும் இன்னொருவர் நலனும் மோதும். முடிவெடுப்பவர் காரணம் சொல்ல வேண்டிய இடமும் அதுதான்.

காரணம் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கரணையில் பார்த்தோம். 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சதுப்புநிலம் அது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை தலத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. சதுப்புநிலத்தைக் காக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லை எங்கே, சதுப்புநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியான செல்வாக்கு மண்டலம் எங்கே என்பது சர்வே எண்ணோடு முன்பே மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால், கடன் வாங்கி அரை கிரவுண்டு வாங்கியவர் தன் மனை உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் தவித்திருக்க மாட்டார். ஈரநிலத்துக்கு ஆபத்து என்று எழுதியவருக்கும், வீடு கட்ட விண்ணப்பித்தவருக்கும் ஒரே பதில்தான் தேவைப்பட்டது: காரணத்தோடு, படத்தோடு, உரிய நேரத்தில்.

சொல்லத் தொடங்கிய பிறகு சிலவற்றை மறைக்க முடியவில்லை. விதியை மீறிக் கட்டியவர்களிடம் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த 1998-இல் 113-ஏ என்ற புதிய பிரிவையே இந்தச் சட்டத்தில் சேர்க்க முடிந்தது. முறைப்படி ஆட்சேபணை எழுதியவருக்குப் பதில் தர வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்க 50 ஆண்டுகளாக மனம் வரவில்லை. 2022-இல் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக, ஏறத்தாழ ஐந்து மடங்காக, விரித்தீர்கள். காஞ்சிபுரம் பக்கத்து விவசாயி எழும்பூரில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு வந்துதான் தன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டுமா? 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள பெருநகரின் வளர்ச்சித் திட்ட வரைவைத் தயாரிக்கும் பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243இசட்இ பிரிவு. வார்டுக் குழுக்களுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைகளுக்கும் 2022-இல் விதிகள் வந்தன. சபை கூடினால் தெருவிளக்கையும் குப்பையையும் பற்றிப் பேசலாம். அந்தத் தெருவின் நிலப்பயன்பாட்டை மாற்றும் கோப்பு அந்தச் சபையின் மேசைக்கு வர வேண்டாமா? உறுப்பினர் செயலர்கள் மாறுகிறார்கள், திட்ட அலுவலர்கள் ஓய்வு பெறுகிறார்கள். மறுப்புக்கான காரணம் எழுத்தில் இல்லையென்றால் பின்னால் வருபவருக்கும் ஒன்றும் தெரியாது.

கோபத்தில் கோரிக்கையை விட்டு விலகிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவு, பாதிக்கப்படுபவர்களுக்கு நிர்வாக முடிவுகளின் காரணத்தை அரசு அலுவலகம் சொல்ல வேண்டும் என்கிறது. ஒரு பட்டியல் போதும். வரிசை எண், வார்டு, சர்வே எண், ஆட்சேபணையின் சாரம், கள ஆய்வு நடந்த தேதி, முடிவு, காரணம், திருத்தப்பட்ட தாளின் எண். எழுதியவரின் பெயரும் முகவரியும் அதில் வேண்டாம், நிலத்தகராறு உள்ள இடங்களில் அது அவருக்கே ஆபத்து. ஒரே வாசகத்தில் நூறு பேர் எழுதியிருந்தால் நூறையும் சேர்த்து ஒரே பதில் எழுதுங்கள். ஆனால் "பரிசீலிக்கப்பட்டது", "விதிகளின்படி ஏற்க இயலாது" என்ற சொற்களைப் பதிலாக எழுதாதீர்கள். எந்த விதி, எந்த அளவு, கள ஆய்வில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். திட்டத்தை அரசின் ஒப்புதலுக்கு அனுப்புவதற்கு முன்பே இந்தப் பட்டியல் வெளியாக வேண்டும்.

மும்பையில் 2034-ஐ இலக்காகக் கொண்ட வளர்ச்சித் திட்டத்தின் வரைவு 2015-இல் வெளியானபோது ஆட்சேபணைகள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. பிழைகள் ஏராளம் என்று அம்மாநில அரசே அந்த வரைவைத் திருத்தி எழுதச் சொன்னது. 2016-இல் புதிய வரைவு வந்தது, 2018-இல் ஒப்புதல் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் தாமதம்தான். நமக்கும் அனுபவம் உண்டு: 1976-இல் முதல் முழுமைத் திட்டம், அடுத்தது 2008-இல். 32 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஊருக்கு, பதில் எழுதச் சில மாதங்கள் அதிகம் என்று சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று. இரண்டாம் திட்டம் ஒப்புதல் பெற்ற 2008 செப்டம்பர் முதல் இன்றுவரை, 32-ஆம் பிரிவின்கீழ் செய்த நிலப்பயன்பாடு மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில், தேதியோடும் பழைய புதிய வகைப்பாட்டோடும் குறித்து, புதிய வரைவோடு சேர்த்து வெளியிடுங்கள். ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகப் போனதால், ஒரே ஏரியின் ஆயக்கட்டில், அதாவது பாசன நிலத்தில், எத்தனை ஏக்கர் நிறம் மாறியது என்பதைத் தொகுத்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை. உங்களுக்கும் அந்தப் படம் உதவும்.

வரைவு அறிவிக்கை வெளியாகும் நாளிலேயே, ஆட்சேபணைகளுக்கு எழுத்தில் பதில் தருவோம் என்ற ஒரு வரியையும் அந்த அறிவிக்கையில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வார்டு வாரியான தாள்கள் தயாரானால் எங்களுக்கும் ஒரு பிரதி தாருங்கள். வாய்க்கால்களைச் சரிபார்த்துக் குறித்துத்தர எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பெருநகரச் சென்னையின் குடிமக்கள் சிலர்