செயலாளரின் ஆண்டறிக்கை: வேட்டை இறைச்சி விருந்தும் மற்றப் பணிகளும்

தலைவர் அவர்களே, மூத்தோரே, தாய்மாரே, இளையோரே, வணக்கம்.

பொங்கல் விழா, வாணிவிழா, தமிழ்ப் பாடசாலைத் தேர்வு, கோடைகால விளையாட்டுப் போட்டி எல்லாம் வழமைபோல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டக் குறிப்பேடு மேசையில் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம். இன்று நான் கூடுதல் நேரம் எடுத்துப் பேச விரும்புவது குடும்பங்களாகப் போய்வந்த வேட்டை இறைச்சி விருந்தைப் பற்றித்தான். ‘தமிழ்ச் சங்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மான் இறைச்சி சாப்பிடப் போகவேண்டுமா?’ என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லவேண்டியது என் கடமை.

முதலில் நாள் பற்றி. சுவிசின் கிறவ்புண்டன் மாநிலத்தில் பெருவேட்டை, அதாவது மான், மலையாடு போன்ற பெரிய விலங்குகளின் வேட்டை, செப்டெம்பரில் நடக்கிறது. அதை ஒட்டி நவம்பர் வரை ஊர் உணவகங்களில் இந்த விருந்துகள். நமக்கோ அதே காலத்தில்தான் புரட்டாதிச் சனி, நவராத்திரி, கந்தசஷ்டி எல்லாம் வருகின்றன. ஆகவே கந்தசஷ்டி முடிந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பிடித்தோம். விரதகாரர் எவருக்கும் இடைஞ்சல் இருக்கவில்லை. இனிமேலும் இதே முறையை வைத்துக்கொள்ளலாம்.

கூர் நகரிலிருந்து ரயிலில் சற்று மேலே உள்ள ஒரு கிராமத்து உணவகம். நீள மேசையில் வரிசையாகப் பாத்திரங்கள்: ரே மானின் மெல்லிய துண்டுகள், கெம்சே எனும் மலையாட்டு வகை, வாட்டிய ஹிர்ஷ் மான், பக்கத்தில் வெண்ணெயில் புரட்டிய ஸ்பெட்ஸ்லி எனும் மாத்துண்டுகள், சிவப்புக் கோவா (முட்டைக்கோசு), சீனிப்பாகில் மினுங்கும் மறோனி எனும் செஸ்நட் கொட்டை, நடுவில் சிவப்புப் பழச்சாந்து வைத்த பேரிக்காய்ப் பாதி. கடைசியில் கனத்த இரும்புச் சட்டியில் ஹிர்ஷ் பெஃபர். இறைச்சியைச் சிவப்பு வைனில் ஜூனிபர் விதை, கராம்பு, பிரிஞ்சி இலை, மிளகு போட்டு நாட்கணக்கில் ஊறவைத்துச் சமைப்பது அது. குழம்பு கறுப்பாகப் பளபளக்கும். கரண்டியால் தொட்டால் இறைச்சி நாராகப் பிரியும். முல்லைத்தீவுப் பக்கம் பிறந்த அம்மா ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, ‘உறைப்பில்லை, ஆனால் எங்கட மரை இறைச்சிக் கறியின்ர மணம் இருக்கு’ என்றார். அங்கே இன்று மான், மரை வேட்டை சட்டப்படி குற்றம். வன்னிச் சமையலைத் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க நம் மூத்தவர்களுக்கு இந்த மேசை வாய்ப்பளித்தது.

சாப்பாட்டுக்கு முன் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் பேசினார். நம் உயர்வகுப்பு மாணவி ஒருத்தி உடனுக்குடன் தமிழில் அழகாகச் சொன்னார். இந்த மாநிலத்தில் தேர்வில் தேறியவர் எவரும் அனுமதிச்சீட்டு வாங்கி வேட்டைக்குப் போகலாம். சூரிச்சில் அப்படியல்ல, வேட்டைக் காடுகள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்படும். பாலூட்டும் தாய்மானைச் சுடக்கூடாது. தவறிச் சுட்டால் தானே போய்க் காவலரிடம் சொல்லவேண்டும். விழுந்த மானின் வாயில் ஒரு பச்சைக் கிளையை வைப்பது பழைய வழக்கம். அதைச் செய்யாமல் தான் மானைத் தொடுவதில்லை என்றார் அவர்.

மாநிலக் கொடியில் நிற்கும் ஸ்டைன்பொக் ஆட்டின் கதையைப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். கட்டுப்பாடற்ற வேட்டையால் 19ஆம் நூற்றாண்டில் அது சுவிசில் அடியோடு அழிந்துபோனது. 1906இல் இத்தாலிய அரசரின் வேட்டைக் காட்டிலிருந்து குட்டிகளைக் களவாகக் கடத்திவந்து, சங்க்ட் காலன் நகரில் வளர்த்து, 1911இல் மலையில் விட்டார்கள். இன்று கிறவ்புண்டன் மலைகளில் அது மந்தை மந்தையாக நிற்கிறது. வேட்டையே வேண்டாம் என்று ஜெனீவா மாநில மக்கள் 1974இல் வாக்களித்ததையும் அவர் மறைக்கவில்லை. அங்கே பயிரைக் கெடுக்கும் பன்றிகளை மாநிலக் காவலர்களே சுடுகிறார்கள். ஒரு தட்டு இறைச்சிக்குப் பின்னால் இவ்வளவு விதியும் பொறுப்பும் இருக்கின்றன என்பது பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டிய விடயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எண்பதுகளில் அகதியாக வந்த நம்மவர்களில் எத்தனையோ பேர் முதலில் நின்றது உணவகக் குசினியில். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அப்படித்தான். கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரராக ஓய்வுபெற்றவர். செப்டெம்பர் பிறந்தால் சிவப்புக் கோவா சீவிச் சீவி அவருடைய விரல்கள் ஊதா நிறமாகிவிடுமாம். இத்தனை ஆண்டுகளில் அந்த மேசையில் மனைவி மக்களோடு அவர் உட்கார்ந்ததே இல்லை. அன்று பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஃபரைச் சுவைத்துப் பார்த்து, ‘இன்னும் ரெண்டு நாள் ஊறியிருக்கவேணும்’ என்றார். அதைக் கேள்விப்பட்ட தலைமைச் சமையற்காரர் வெளியே வந்து, அவர் அருகில் கதிரை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இருவரும் வைன், மாவு, இரத்தம் சேர்த்துக் குழம்பைத் தடிப்பாக்கும் பக்குவம் என்று நெடுநேரம் கதைத்தார்கள். சங்கம் இதைவிடப் பெரிதாக என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள்.

குறைகளும் இருந்தன. மாட்டிறைச்சி தொடாத குடும்பங்கள் நம்மிடம் அதிகம். இந்தக் குழம்புகளுக்கோ பல இடங்களில் கன்று எலும்புச் சாற்றைத்தான் அடியாக வைக்கிறார்கள். கேட்டபோது இரண்டு பாத்திரங்களில் அது இருந்தது தெரியவந்தது. சிவப்புக் கோவாவிலும் சிலர் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். சைவக்காரருக்கு இறைச்சியில்லாத ‘வேட்டைத் தட்டு’ உண்டு, காளான், மறோனி, கோவா, பேரிக்காய் எல்லாம் வைத்து நிறைவாகத் தருவார்கள். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். அப்புறம், சுவிசில் பரிமாறப்படும் வேட்டை இறைச்சியில் பெரும்பகுதி இறக்குமதி. நியூசிலாந்துப் பண்ணை மானும் அதில் அடக்கம். எந்த நாட்டு இறைச்சி என்று உணவகம் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். உள்ளூர் வேட்டையில் கிடைத்ததைத் தரும் உணவகத்துக்கே நாம் போகவேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே இச்சபையின் ஒப்புதலுக்கு மூன்றை முன்வைக்கிறேன். விருந்து அடுத்த ஆண்டும் நடக்கட்டும். பதிவுத் தாளில் சைவம், மாடு தவிர்ப்பு, மது தவிர்ப்பு என்று குறிக்க இடம் வைத்து, அதை ஒரு மாதம் முன்னரே உணவகத்துக்கு அனுப்புவோம். ஓய்வுபெற்ற நம் குசினித் தொழிலாளர்களுக்கும் அவர்களுடைய துணைவருக்கும் கட்டணத்தைச் சங்கமே கட்டட்டும். அதற்கான தொகையைப் பொருளாளர் வரவுசெலவுத் திட்டத்தில் காட்டியிருக்கிறார். கலந்துரையாடலுக்குப் பின் கை உயர்த்தி வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்