எக்டன் ஹீத்தை இன்னொரு தடவை கேள்

அன்புள்ள கண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய 'எக்டன் ஹீத்' பற்றி போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "எக்டன் ஹீத்தை ரெண்டு நிமிஷம் கேட்டேம்மா, ஒண்ணுமே நடக்கல, நிறுத்திட்டேன்" என்றாய். போனில் பேசித் தீருகிற விஷயம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், எதில் கேட்டாய்? செல்போன் ஸ்பீக்கரில் என்றால் உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆரம்பத்தில் வாசிப்பது டபுள் பேஸ் மட்டும்தான், வயலின் மாதிரியே ஆனால் ஆள் உயரத்துக்கு இருக்குமே, அந்தத் தந்தி வாத்தியம். அதுவும் ஓசையை அடக்கி, மிக மெல்ல. அவ்வளவு கீழான ஒலி செல்போனில் வராது. நீ வாங்கித் தந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எல்லோரும் தூங்கின பிறகு ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கேட்டேன். இருட்டில் தரையோடு தரையாக ஏதோ நகர்கிற மாதிரி ஒரு மெட்டு. தாளம் போட வழக்கம்போல் தொடைக்குப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. பிடித்துக்கொள்ள அதில் தாளமே இல்லை. அப்புறம் மற்றத் தந்தி வாத்தியங்களும் வந்து அதே அலைச்சலை மேலே எடுத்துக்கொண்டு போகின்றன.

உனக்கு ஹோல்ஸ்ட் என்றால், கிரகங்களைப் பற்றி அவர் எழுதிய 'தி பிளானட்ஸ்'தான். எனக்கும் அதில் செவ்வாய்ப் பகுதி வந்தால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அதன் புகழ் அவருக்கே பாரமாகிவிட்டது. ஜனங்கள் திரும்பத் திரும்ப அதையே எதிர்பார்த்தார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் 1905 முதல் கடைசிவரை பாட்டு சொல்லிக்கொடுத்த மனுஷர். ரிக்வேதப் பாடல்களுக்கு இசை அமைக்க வேண்டும் என்பதற்காகவே சமஸ்கிருதம் படித்தவர். மனதுக்குச் சரியென்று பட்டதைத்தான் எழுதினார்.

இந்த இசையை நியூயார்க் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா கேட்டு, 1927இல் எழுதினார். அந்த வருஷம் இங்கிலாந்தின் டார்செட் பகுதிக்குப் போய் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியையும் பார்த்தார். ஹார்டி 1878இல் வெளியிட்ட நாவலில் வரும் நிலத்தின் பெயர்தான் எக்டன் ஹீத். நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே, ஹார்டி பிறந்த கூரை வீட்டுக்குப் பின்னால், அந்தப் பக்கத்துப் பொட்டல் வெளிகளை மனதில் வைத்துத்தான் ஹார்டி அந்த நிலத்தை எழுதினார். நாம் போனது ஆகஸ்ட் மாதம், வெளி முழுக்கக் குட்டைச் செடிகள் ஊதா நிறமாகப் பூத்துக் கிடந்தன. ஒரு கொத்தை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு பூவும் மிளகு அளவுகூட இல்லை. மஞ்சள் பூப் பூத்த முள்செடி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது, நீ குனிந்து எடுத்துவிட்டாய். அங்கேயும் "ஒண்ணுமே இல்லையேம்மா" என்றுதான் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ஹார்டி அந்த நிலத்தைப் பற்றி, மனிதனைப் போலவே அலட்சியத்துக்கு ஆளானாலும் தாங்கி நிற்பது என்று எழுதியிருக்கிறார். அந்த வரிகளைத்தான் ஹோல்ஸ்ட் தன் இசைப் பிரதியின் முகப்பில் போட்டிருக்கிறார்.

இன்னொன்று எனக்கு ஆறவே இல்லை. இசை ஹார்டிக்கு அஞ்சலியாக எழுதப்பட்டது. அவர் 1928 ஜனவரி 11 அன்று இறந்துபோனார். நியூயார்க்கில் முதல் அரங்கேற்றம் பிப்ரவரி 12. ஒரே ஒரு மாதம், கண்ணா. அவர் காதில் அது விழவே இல்லை. நியூயார்க் அரங்கேற்றத்துக்கு மறுநாள் ஹோல்ஸ்ட், தான் பிறந்த இங்கிலாந்து ஊரான செல்ட்டன்ஹாமில், ஆர்க்கெஸ்ட்ராவைத் தானே நடத்தி அதை வாசிக்க வைத்தார். தான் எழுதியதிலேயே சிறந்தது இதுதான் என்று கடைசிவரை நினைத்தார். இன்றைக்கும் பத்துப் பேரில் ஒருவராவது கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் எல்லாமே இருக்கிறது. தந்திகளில் நிலைகொள்ளாத ஒரு ஓட்டம், நடுவில் ஓபோ என்கிற குழல் வாத்தியம். பித்தளை வாத்தியங்கள் துக்க ஊர்வலம் மாதிரி மெல்ல நடந்து போகும். முடிவை நெருங்கும்போது, எங்கிருந்தோ தெரியாமல் ஒரு நடனம் வரும். சந்தோஷ நடனம் இல்லை. என்றோ அந்த மண்ணில் ஆடியவர்கள் தூரத்தில் இன்னும் ஆடுவது போல இருக்கும். எனக்கு அந்த இடத்தில் உன் தாத்தா ஞாபகம் வந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. சட்டென்று அதுவும் கலைந்துவிடும். அப்புறம் பழைய இருட்டு, மெல்ல மெல்ல அடங்கும்.

மொத்தமே 13 நிமிஷம் போலத்தான். ஏட்ரியன் போல்ட் என்ற ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனரின் பதிவைத் தேடி எடு. 'தி பிளானட்ஸ்'ஐ 1918இல் முதன்முதலில் நடத்தியவரும் அவர்தான். குழந்தை தூங்கின பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேள். அந்த நடனம் வரும்போது உனக்கு யார் ஞாபகம் வந்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்.

அன்புடன்,
அம்மா