மெண்டோட்டா ஏரிக்கரையிலிருந்து செல்விக்கு

மேடிசன்
ஏப்ரல் 9

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்த நேரத்தில்தான் மெண்டோட்டா ஏரியின் பனிக்கட்டி முழுவதும் உடைந்தது. குளிர்காலம் முழுக்க ஆட்கள் நடந்துபோன இடத்தில் இப்போது அலையடிக்கிறது. மாமியாரைக் கரைக்கு அழைத்துப் போனேன். முழங்கால் வலி அவருக்குச் சற்றுக் குறைந்திருக்கிறது. குளித்தலையில் பிறந்தவர் அல்லவா, தண்ணீரைப் பார்த்ததும், "காவேரியில் புதுத்தண்ணீர் வந்த மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார்.

யாழினிக்கு இங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோவையில் விதை முளைப்புச் சோதனைக்காக நாம் இருவரும் விடிகாலையில் எழுந்து ஆய்வகத்துக்கு ஓடிய நாட்கள் நினைவுக்கு வந்தன. உன் கடைக்குட்டி மரபியல் படிக்க வேண்டும் என்கிறாள்! 1910இலேயே மரபியலுக்குத் தனித்துறை தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அவள் வருகிறாள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உன் கடிதத்தின் மறுபாதி முழுக்கப் பயம். அலுவலகத்தில் ஒருவர் பட்டியலைக் காட்டி, "பெண்ணை அங்கேயா அனுப்பப் போகிறீர்கள், அது குடிக்குப் பேர்போன இடம்" என்றாராம். நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டிருக்கிறாய். இருபத்தெட்டு ஆண்டுகளாக இங்கேயே இருக்கிற நான் உன்னிடம் பூசி மெழுகக் கூடாது. நெருப்பு இருக்கிறது. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் பிரின்ஸ்டன் ரிவ்யூ என்ற தனியார் நிறுவனத்தின் பார்ட்டிக் கல்லூரிகள் பட்டியலில் மேடிசன் 2005இலும் 2016இலும் முதலிடம் பிடித்தது உண்மை. அந்த நிறுவனத்துக்கும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் தொடர்பில்லை என்பதையும் உன் நண்பரிடம் சொல்லிவை.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 2015இல் அதே பட்டியலில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? உன் மூத்தவன் அந்த ஆண்டுதான் போய்ச் சேர்ந்தானே, அதே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு. அதன் அர்பானா வளாகத்தில் அவனை விட்டுவிட்டு வந்த அன்று நீ எனக்கு எழுதிய கடிதத்தில் அவன் சாப்பாட்டைப் பற்றிய கவலை இருந்தது, குளிரைப் பற்றிய கவலை இருந்தது. இந்தக் கவலை இல்லை. மகனுக்குக் கேட்காத கேள்வியை மகளுக்கு மட்டும் கேட்கிறோமா என்று ஒருமுறை யோசித்துப் பார். கேள்வி தவறு என்று சொல்லவில்லை. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

பட்டியல் எப்படி உருவாகிறது என்று பார். மாணவர்களிடமே கேட்கிறார்கள்: உங்கள் வளாகத்தில் மது எவ்வளவு புழங்குகிறது, போதைப்பொருள் எவ்வளவு, வகுப்புக்கு வெளியே நாளுக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள், ஃப்ரடெர்னிட்டி எனப்படும் மாணவர் சகோதரக் கழகங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு. ஒருவர் தம் அக்கம்பக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை இது காட்டும். உயிர்வேதியியலை அங்கே யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்பதை இது காட்டாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2002இல் இந்தப் பட்டியலையே நிறுத்தச் சொன்னது. குடியை இது இயல்பான ஒன்றாகக் காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஆனால் பட்டியலைக் குறை சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விட முடியாது. இந்த விஸ்கான்சின் மாநிலமே குடிக்கிற மாநிலம், செல்வி. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் மில்வாக்கியில் பீர் ஆலைகளைக் கட்டினார்கள். அந்த வழக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசை வரைக்கும் இறங்கியிருக்கிறது. பெற்றோர் பக்கத்தில் இருந்தால் இருபத்தொரு வயது நிரம்பாத பிள்ளைக்கும் மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல்முறை பிடிபட்டால் அதைக் குற்றவியல் குற்றமாகக் கருதாத ஒரே மாநிலம் அமெரிக்காவில் இதுதான். பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றக் கட்டடத்தில் 1933 முதலே பீர் விற்கிறார்கள். ஏரியைப் பார்த்த அந்தத் திறந்த முற்றத்தில், வண்ண நாற்காலிகளில் பேராசிரியர்களும் மாணவர்களும் குடும்பங்களும் கோடை மாலைகளில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன், கையில் பல்கலைக்கழகப் பால்பண்ணையின் ஐஸ்கிரீமோடு. அங்கே யாரும் தள்ளாடிப் பார்த்ததில்லை.

தள்ளாட்டம் வேறு இடத்தில் நடக்கிறது. மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் பழைய மரவீடுகளின் நிலவறைகளில், கதவைச் சாத்திக்கொண்டு. இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் பதினெட்டு வயதிலேயே குடிக்கலாம். 1986இல் வயது இருபத்தொன்றானது. பதினெட்டு வயதுக்காரர்கள் அதனால் குடியை நிறுத்திவிடவில்லை, பெரியவர்கள் கண் படாத இடத்துக்கு நகர்ந்தார்கள். என்னைப் பயமுறுத்துவது முற்றத்து பீர் அல்ல, யார் கலந்தார்கள் என்றே தெரியாமல் ஒரு பெரிய வாளியிலிருந்து மொண்டு கொடுக்கப்படும் பானம்தான்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமையை ஒட்டி மிஃப்லின் தெருவில் கூடும் கூட்டத்தைப் பற்றி உன் நண்பர் நிச்சயம் சொல்லியிருப்பார். 1969 மே மாதம், வியட்நாம் போரெதிர்ப்பு நாட்களில், தெருவில் நடனமாட ஒரு பொழுது என்றுதான் அது தொடங்கியது. போலீஸ் வந்தது, மோதல் மூன்று நாள் நீடித்தது. அன்று கைதான நகரமன்ற உறுப்பினர் பால் சோக்லின் நான்கே ஆண்டுகளில் இந்நகர மேயரானார்! இப்போது அந்தக் கூட்டத்தில் அரசியல் மிச்சமில்லை. காலை பத்து மணிக்கே கோப்பையோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

ஹார்வர்டு பொது சுகாதாரப் பள்ளி 1993 முதல் 2001 வரை நான்கு முறை நாடெங்கும் உள்ள கல்லூரிகளில் ஆய்வு செய்தது. ஒரே அமர்வில் ஆண் ஐந்து கோப்பை, பெண் நான்கு கோப்பை அல்லது அதற்கு மேல் என்பது அவர்களின் அளவுகோல். ஐந்தில் இருவரைவிடச் சற்று அதிகமானோர் அந்த அளவை எட்டியிருந்தார்கள். நாடு முழுவதற்குமான கணக்கு இது. குடிக்காத மாணவர்களும் தூக்கம் கெட்டு, படிப்பு கெட்டு, அடுத்தவரைத் தாங்கிப்பிடித்து அவதிப்பட்டதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. யாழினி குடிக்கமாட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். ஆனால் அறைத்தோழி குடித்தால்?

என் சின்ன மாமனார் பேரன் வேறொரு மாநிலத்தில், எந்தப் பட்டியலிலும் பெயர் வராத ஓர் அமைதியான கல்லூரியில் சேர்ந்தான். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. முதல் ஆறு வாரத்திலேயே குடித்து மயங்கி மருத்துவமனைக்குப் போனான். கூட இருந்தவர்கள் தங்கள் மேல் நடவடிக்கை வந்துவிடும் என்று பயந்து ஒரு மணி நேரம் யாரையும் அழைக்கவில்லை. பிழைத்தான், இப்போது நன்றாக இருக்கிறான். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது. கல்லூரியின் பெயர் காப்பாற்றும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதனால் அவனிடம் பேச வேண்டியதை யாரும் பேசவில்லை. நீ யாழினியிடம் பேசு. யாராவது எழுப்பியும் எழாமல் கிடந்தால் யோசிக்காமல் அவசர உதவி எண்ணான 911ஐ அழை, திட்டு வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல். தன் கோப்பையைத் தானே ஊற்றிக்கொள்ளவும் அதைக் கீழே வைத்துவிட்டுப் போகாதிருக்கவும் சொல். குடிக்கமாட்டாள் என்று தெரிந்தாலும் சொல்.

சரி, படிப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் மனம் துடிக்கிறது.

உன் அப்பா இதய வால்வு மாற்றிய பின் தினமும் சாப்பிட்டாரே வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் முதல் நான்கு எழுத்து (WARF) இந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வு அறக்கட்டளையின் முதலெழுத்துகள். 1933 குளிர்காலத்தில், பனிப்புயலில், ஒரு விவசாயி நூற்றுத் தொண்ணூறு மைல் வண்டியோட்டி வந்தார். வண்டியில் செத்துப்போன கிடாரி ஒன்று, கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல் ஒரு கட்டு, உறையாத ரத்தம் ஒரு பால்கேன் நிறைய. சனிக்கிழமை என்பதால் கால்நடை மருத்துவர் அலுவலகம் பூட்டியிருந்தது. விளக்கு எரிந்த கட்டடத்துக்குள் அவர் நுழைய, அங்கே இருந்தவர் உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க். அந்தப் புல்லில் ரத்தத்தை உறையவிடாமல் செய்தது எது என்று கண்டுபிடிக்க லிங்கின் குழுவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அதன் வழியில் 1948இல் வார்ஃபரின் எலிமருந்தாக வந்தது, பிறகு மனிதருக்கு மருந்தானது. உன் அப்பா அந்தப் பதினொரு ஆண்டு உயிரோடிருந்ததில் அந்த விவசாயிக்கும் பங்கு உண்டு.

விவசாயி நேராக நுழையக்கூடிய பல்கலைக்கழகம் என்பதுதான் இதன் பெருமை. பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தின் எல்லை வரை என்று இங்கே நூறு ஆண்டுக்கு மேலாகச் சொல்லிவருகிறார்கள். பாலின் கொழுப்பை அளக்கும் பாப்காக் சோதனை 1890இல் இங்கே பிறந்தது. கோவையில் கொழுப்பை அளக்கும் கண்ணாடிக் குழாயான ப்யூட்டிரோமீட்டரை நாம் சுழற்றியது அதைப் போன்ற கெர்பர் முறைக்காக. பள்ளிக்கூடம் இல்லாத பஞ்சாப் சிற்றூரில் மரத்தடியில் படித்த ஹர்கோவிந்த் கொரானா, 1968இல் நோபல் பரிசு பெற்ற மரபுக்குறியீட்டு ஆய்வை இங்கேதான் செய்தார். மனிதக் கருவின் குருத்தணுக்களை ஜேம்ஸ் தாம்சன் 1998இல் இங்கே பிரித்தெடுத்தார். இன்றும் ஆண்டுக்கு 150 கோடி டாலருக்கு மேல் ஆய்வுக்குச் செலவாகிறது.

பாஸ்கம் மண்டபத்தின் சுவரில் ஒரு தகடு இருக்கிறது. வேலைநிறுத்தங்களை ஆதரித்தார் என்று ரிச்சர்ட் ஈலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் மேல் 1894இல் புகார் வந்தபோது, ஆட்சிக்குழு அவரை விடுவித்து எழுதிய வாசகம் அதில் இருக்கிறது. அஞ்சாமல் ஓயாமல் சலித்தும் தூற்றியும் பார்ப்பதால் மட்டுமே உண்மை கிடைக்கும் என்பது அதன் பொருள். களத்துமேட்டில் வளர்ந்த உனக்கும் எனக்கும் இதைவிடப் புரிகிற சொல் வேறு உண்டா? முதல்முறை படித்தபோது என் அம்மா முறத்தோடு நிற்பது கண்ணில் தெரிந்தது.

ஆனால் இந்தச் செல்வமெல்லாம் யாழினியின் கையில் தானாக வந்து விழாது. ஐம்பதாயிரம் மாணவர்கள் இங்கே. முதலாண்டு வேதியியல் வகுப்பில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியருக்கு அவள் பெயர் தெரியாது. சிறு குழுவில் அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவது என்னைப் போன்ற ஓர் ஆய்வு மாணவியாக இருக்கும். ஐந்து ஆண்டு கற்பித்தல் உதவியாளராக இருந்தபோது நான் பார்த்தது ஒன்றுதான்: பார்ட்டிக்கான அழைப்பு அறைக்கதவைத் தேடி வரும், ஆய்வகம் அப்படி வராது. அதைத் தேடி மாணவர்தான் நடக்க வேண்டும், கதவைத் தட்ட வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடி தட்ட வேண்டும். சிறிய கல்லூரியில் கூச்சமுள்ள பிள்ளையை யாராவது கவனித்து அழைத்துவிடுவார்கள். இங்கே கூச்சம் ஓர் ஆண்டைத் தின்றுவிடும். யாழினி கேட்கக்கூடியவளா என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே கவலை. அதற்குப் பதில் உனக்குத்தான் தெரியும்.

அவள் வருவதானால் விடுதியை யோசித்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஸ்டேட் தெருக் கடைவீதிக்குப் பக்கத்திலுள்ள தென்கிழக்கு விடுதிகள் இரவெல்லாம் விழித்திருக்கும். ஏரிக்கரை விடுதிகள் அமைதியானவை, வேளாண்மை, உயிரியல் கட்டடங்களுக்கும் பக்கம். அறிவியல் படிக்கும் மாணவியர் சேர்ந்து வாழும் தளமும் உண்டு. முதல் இரண்டு ஆண்டு மாணவர்களை ஆய்வகங்களில் சேர்த்துவிடும் திட்டம் ஒன்றும் உண்டு; முதல் வாரமே அதற்கு விண்ணப்பிக்கச் சொல்.

பணத்தைப் பற்றி நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன். வெளிமாநிலத்தவருக்கு இங்கே கட்டணம் உள்ளூராருடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இல்லினாயில் இருக்கும் உங்களுக்கு அர்பானாவில் உள்மாநிலக் கட்டணம், அதுவும் மிகச் சிறந்த பல்கலைக்கழகம். கடன் வாங்கித்தான் இங்கே படிக்கவேண்டும் என்றால் அர்பானாவுக்கே அனுப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை, அவள் என் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற ஆசை எவ்வளவு இருந்தாலும். எந்தக் காரணத்தால் வேண்டாம் என்றாலும் ஏற்றுக்கொள்வேன், அந்தப் பட்டியலால் மட்டும் வேண்டாம்.

மே முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஏப்ரல் கடைசி வாரம் வியாழக்கிழமையே அவளோடு கிளம்பி வா. நேப்பர்வில்லிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாமே. வெள்ளிக்கிழமை அவளை மரபியல் துறைக்கு அழைத்துப் போகிறேன், என் பழைய ஆய்வகத்தில் அவளே பேசட்டும், நாம் வெளியே இருப்போம். சனிக்கிழமை மிஃப்லின் தெருவையும் காட்டுகிறேன். இரண்டையும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசுங்கள்.

வருமுன் முடிந்தால் சிகாகோவின் டெவன் அவென்யூவில் சின்ன வெங்காயம் இரண்டு கிலோ வாங்கி வா. மாமியார் வெங்காய வடகம் போடவேண்டும் என்று குளிர்காலம் முழுக்க வெயிலுக்காகக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
பூங்கொடி