தாடை அறுவைக்குப் பின் முகம்: கணினிப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தாடையைத் திருத்தும் அறுவைக்கு முன் எங்களிடம் ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள், அறுவைக்குப் பின் வரப்போகும் முகத்தைத் திரையில் பார்த்ததும் கேட்பது, "ஆபரேஷன் முடிஞ்சா அப்படியே இந்த முகம்தானா?" என்றுதான். முகத்தில் இடத்துக்கு இடம் பதில் மாறும்.

கணினியில் நாங்கள் நகர்த்துவது எலும்பை. தோலும் சதையும் அதன் பின்னால் எவ்வளவு வரும் என்பது கணக்கு. கீழ்த்தாடை 6 மில்லிமீட்டர் முன்னே வந்தால் மோவாய்த் தோலும் ஏறக்குறைய அவ்வளவே வரும். அங்கே படம் பெரும்பாலும் பொய்க்காது. மேல்தாடை முன்னே வரும்போது மேலுதடு பாதியளவோ அதற்குச் சற்றுக் கூடவோதான் வரும், கொஞ்சம் மெலியவும் செய்யும். மூக்கின் அடி அகலமாகும். அதைக் கட்டுப்படுத்த சர்ஜன் உள்ளே ஒரு தையல் போடுவதுண்டு. அதை அவர் எவ்வளவு இறுக்குவார் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதிகம் தவறுவது கீழுதட்டில்தான். மேல்பல்லில் சிக்கி வெளியே மடங்கிக் கிடந்த உதடு, பல் விலகியதும் எப்படி நிமிரும் என்பது தசையின் கையில் இருக்கிறது. 2 மில்லிமீட்டர் வரை பிசகுவதை இத்துறையில் ஏற்றுக்கொள்வது வழக்கம். ஆனால் உதட்டில் 2 மில்லிமீட்டர் கண்ணாடியில் நன்றாகவே தெரியும்.

ஸ்கேன் எடுக்கும்போது உதட்டை வலிந்து மூடாதீர்கள். மூடினால் மோவாய்த் தசை சுருங்கித் தோல் மேலே ஏறும்; அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே கணினி நகர்த்தும். எச்சிலை விழுங்கிவிட்டு, கடைவாய்ப் பற்கள் லேசாகத் தொட, உதட்டைத் தளர விடுங்கள். இடைவெளி தெரிந்தால் தெரியட்டும். மோவாயைத் தாங்கும் கிண்ணம் தோலை அழுத்தும் என்பதால் அதைக் கழற்றிவிடுவோம். தலையை நீங்களே ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும். தாடி இருந்தால் முப்பரிமாணப் படம் சரியாக விழாது, மழித்துவிட்டு வாருங்கள்.

பல்லில் கிளிப் இருந்தால் ஸ்கேனில் கோடுகோடாகச் சிதறல் விழும். அதனால் வாய்க்குள் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்து இணைக்கிறோம். ஆபரேஷன் மேசையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பிளாஸ்டிக் தட்டும் அதிலிருந்துதான் அச்சாகிறது. ஆகவே ஸ்கேனுக்குப் பிறகு கிளிப் கம்பியை மாற்றினால் உடனே சொல்லுங்கள்; பல் சிறிது நகர்ந்தாலும் தட்டு உட்காராது.

வீக்கம் முழுதாக வடிந்து முகம் நிலைக்க 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். அதற்கு முன் படத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். முடிவெடுக்கும் நாளில் ஒரே படத்தோடு எழுந்துவிடாதீர்கள். தாடையை 4 மில்லிமீட்டர் நகர்த்தினாலும் 6 மில்லிமீட்டர் நகர்த்தினாலும் முகம் எப்படி மாறுகிறது என்று காட்டச் சொல்லி, சர்ஜனோடு உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்,
ஸ்கேன் மற்றும் திட்டமிடல் பிரிவு