தேக்கோங் தீவின் சார்ஜண்ட் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சார்ஜண்ட் தம்பிகளுக்கு,

வணக்கம். உங்களில் பெரும்பாலோருக்கு இந்த மடலைப் படிக்க வராது. ஆனால் தமிழ் தெரிந்த ஒருவராவது உங்கள் படைப்பிரிவில் இருப்பார். அவர் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். என் ஆங்கிலம் வேலையிடத்தில் பெர்மிட் எழுதவும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் நடத்தவும் போதும். இதற்குப் போதாது.

உங்கள் தீவில் நடந்த சிங்கப்பூர் ராணுவ அடிப்படைப் பயிற்சி நிறைவு அணிவகுப்பு அன்று உங்களில் ஒருவரிடம் நேரிலேயே பேசக் கிடைத்தது. என் மகனின் செக்‌ஷன் சார்ஜண்ட். சட்டையில் மூன்று பட்டை, கன்னத்தில் இன்னும் ஆறாத முகப்பரு, மிஞ்சிப்போனால் இருபது வயது. "நல்லா செஞ்சான், அங்கிள்" என்றார் ஆங்கிலத்தில். படகில் வரும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்: "சாப்பிட்டீங்களா?" அவர் சிரித்துக்கொண்டே "இன்னும் இல்லை, அங்கிள்" என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். 2003-இல் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தேன். நிரந்தரவாசம் கிடைத்தது, கல்யாணம் ஆனது, மகன் இங்கேயே பிறந்தான். என்னைப் போல வேலைக்கு வந்து நிரந்தரவாசம் வாங்கிய முதல் தலைமுறைக்குத் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவச் சேவை கிடையாது. எங்கள் ஆண் பிள்ளைகளுக்கு உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் அவன் பிறக்கவே இல்லை. அப்போது பதினெட்டு வயது என்பதெல்லாம் கண்ணுக்கெட்டாத தூரம்.

ஊரிலிருந்து என் அத்தை ஃபோன் செய்தார். "ஒத்தப் புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டியாமே? ஏதாவது பணங்கிணம் கட்டி நிறுத்த முடியாதா?" இங்கே அதெல்லாம் நடக்காது, 1967-இலிருந்து எல்லார் வீட்டுப் பையன்களும் போய்த்தான் வருகிறார்கள், இப்போது இரண்டு வருஷம் என்று விளக்கினேன். "அப்ப நீ போனியா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அணிவகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனரும் அதையேதான் கேட்டார், வேறு மாதிரி. "உங்களுக்கு எந்த யூனிட்?" அவர் காலத்தில் கம்பளியை எப்படி மடிக்க வேண்டும், தீவில் கொசு எப்படிக் கடிக்கும் என்றெல்லாம் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் பிள்ளைகள் 24 கிலோமீட்டர் நடந்து மரினா பே மிதக்கும் மேடையில் வந்து நிற்பார்களாம். பிறகு அந்த இடத்தில் என்எஸ் சதுக்கம், அதாவது தேசிய சேவைச் சதுக்கம், கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விழா தீவிலேயே நடந்தது. நான் வெளியூரிலிருந்து வந்தவன், சேவை செய்யவில்லை என்றேன். அவர் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த வேர்க்கடலைப் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார். ஆனால் அந்தக் கூட்டத்தில் அப்பாக்கள் எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது, எனக்கு இல்லை. "செடியா!" என்று கட்டளை கேட்டதும் என் மனைவி "எந்தச் செடி?" என்று என்னிடம் கேட்டாள். நேராக நிற்கச் சொல்லும் மலாய்க் கட்டளை அது என்பது எனக்கே மகன் சொல்லித்தான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சேர்க்கை நாளில் நாங்களும் படகில் கூடவே வந்தோம். அவன் படுக்கப்போகும் கட்டிலைக் காட்டினீர்கள், குக்ஹவுஸில் சாப்பாடு போட்டீர்கள். கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தான். திரும்பும் படகில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விடமாட்டார்கள், ராத்திரியில் மட்டும் கொஞ்ச நேரம் ஃபோன். இரண்டாவது வாரத்தில் ஒரு ராத்திரி எனக்குத் தனியாக அழைத்தான்.

"அப்பா, குதிகால் ரொம்ப வலிக்குது. பூட்ஸ் போட முடியல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாரும்தானே செய்றாங்க? உனக்கு மட்டும் என்ன? சார்ஜண்ட்கிட்டப் போய்ச் சொல்லி சாவ் கெங்னு பேர் வாங்காதே." உடம்புக்கு முடியவில்லை என்று நடிப்பவனைச் சொல்லும் அந்த வார்த்தையை நான் வேலையிடத்தில் கற்றுக்கொண்டது. மகனிடம் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

இதில் கொடுமை என்னவென்றால், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் எனக்குப் பாதுகாப்பு வேலை. தினமும் காலை ஏழரைக்கு முப்பது பேரை நிற்க வைத்து, "உடம்பு சரியில்லைன்னா மறைக்காதே, வேலையை நிறுத்து, என்கிட்ட வா" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் உடைந்த இந்தியிலும் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வங்காளதேசத்துத் தம்பி ஒருவன் கிரேன் அடியில் முகம் வாடி நின்றால் எனக்கு இருபது அடி தள்ளியே தெரியும். சொந்தப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லியும் தெரியவில்லை. நான் போகாத இடத்துக்கு அவனை அனுப்பிவிட்டு, அவன் அங்கே தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற வீம்பு. என் பங்கையும் சேர்த்து அவன் செய்துவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு. வேறென்ன சொல்ல?

மறுநாள் குக்ஹவுஸுக்கு நடந்து போகும்போது அந்த முகப்பரு சார்ஜண்ட் அவன் நொண்டுவதைப் பார்த்திருக்கிறார். வரிசையிலிருந்து வெளியே எடுத்து, உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். கொப்புளம் உடைந்து சீழ் வைத்துவிட்டது. அங்கிருந்து நேராக மருத்துவரிடம். மூன்று நாள் எக்ஸ்கியூஸ் பூட்ஸ், அதாவது பூட்ஸ் போட வேண்டாம், செருப்போடு நடமாட்டம். "ஏன் நேற்றே சொல்லவில்லை?" என்று நன்றாகத் திட்டினாராம். இவன் வாயைத் திறக்கவில்லை. அப்பாதான் வேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

தம்பிகளே, உங்களுக்கும் இது இரண்டு வருஷக் கணக்குதான். உங்களில் பலர் ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன் இதே தீவில் மொட்டைத் தலையோடு நின்றவர்கள். உங்கள் அம்மாக்களும் பாசிர் ரிஸ் பேருந்து நிலையம் வரை வந்து வழியனுப்பியிருப்பார்கள். அந்த வயதில் நான் ஊரில் ஆட்டுக்குட்டியைக்கூட ஒழுங்காகப் பார்த்துக்கொண்டது கிடையாது. உங்களிடம் ஆளுக்குப் பத்துப் பதினைந்து பேரைக் கொடுக்கிறார்கள், அதுவும் துப்பாக்கியோடு.

வெயிலைப் பற்றித்தான் என் பயமெல்லாம். 2018-இல் வெப்பத்தாக்கத்தால் ஒரு பிள்ளை இறந்தது, அடுத்த ஜனவரியில் வேறொரு பயிற்சி விபத்துக்குப் பிறகு ராணுவமே பயிற்சியின் வேகத்தைக் குறைத்தது, எல்லாம் எங்கள் தொழிலிலும் பேசப்பட்ட செய்திகள்தான். அதனால் மகன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் குறுக்கு விசாரணை செய்தேன். எத்தனை மணிக்கு நடை, எங்கே நிறுத்தினார்கள், எவ்வளவு தண்ணீர். வாட்டர் பரேடில் குடித்து முடித்துப் புட்டியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்றான். இப்போது வீட்டிலும் பழக்கதோஷத்தில் அப்படியே செய்கிறான், ஒரு நாள் சோபா நனைந்தது. என் மனைவி திட்டினாள். நான் திட்டவில்லை.

அப்புறம் அந்தக் கடிதம். காட்டில் தங்கிப் பயிற்சி செய்யும் ஃபீல்ட் கேம்ப் சமயத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெற்றோரிடம் கடிதம் கேட்டீர்கள். கடைசியாக நான் கடிதம் எழுதியது ஃபோன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசிய காலத்தில். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமோ என்று இரண்டு நாள் முழித்தேன். பிறகு தமிழிலேயே எழுதினேன், ஒன்றரைப் பக்கம். வீட்டுச் செய்தி கொஞ்சம், அத்தை கேட்டது கொஞ்சம். கடைசியில், அன்று ராத்திரி நான் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள் என்று.

அவன் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவன். சேற்றில் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் படித்து முடிக்க அவனுக்குத்தான் எல்லாரையும்விட அதிக நேரம் ஆனதாம். நீங்கள் அவசரப்படுத்தவில்லை என்றான். கூட இருந்த சீனப் பையன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "எங்கப்பா சாரி சொல்றார்" என்றிருக்கிறான். "எங்கப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை" என்று சொல்லிவிட்டு அவன் தன் கடிதத்தை இன்னொரு முறை பிரித்துப் படித்தானாம். என் கடிதம் இப்போது ஒரு ஜிப்லாக் பையில், அவன் அலமாரியில் இருக்கிறது. மனைவி துணி அடுக்கும்போது பார்த்துவிட்டு என்னிடம் காட்டினாள். ஒரு மூலையில் சேறு காய்ந்திருந்தது.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த பாட்ச் பெற்றோரிடம் கடிதம் கேட்கும்போது, எந்த மொழியிலும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். என்னைப் போல முழிக்கிறவர்கள் இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நான் "டேக் கேர், ட்ரிங்க் வாட்டர்" என்பதோடு நிறுத்தியிருப்பேன்.

மகனுக்கு அடுத்த போஸ்டிங் வந்துவிட்டது. பாசிர் லாபா முகாமில் ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி, அதாவது சார்ஜண்ட் ஆவதற்கான பயிற்சி. முடித்தால் அவனுக்கும் சட்டையில் மூன்று பட்டை. எங்கே போடுவார்களோ, ஒருவேளை உங்கள் தீவுக்கே வந்தாலும் வரலாம். நேற்று ராத்திரி பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவனிடம், "வரிசையில யாராவது நொண்டுறானான்னு பாருடா" என்றேன்.

"தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தான்.

இப்படிக்கு,
உங்களிடம் ஒன்பது வாரம் இருந்தவனின் அப்பா