லிங்கன் நினைவகப் படிகளில் உதவிய தங்கைக்கு நன்றி

போன ஜூலையில் மகனின் பள்ளி பாடகர் குழு வாஷிங்டன் நினைவிடங்களில் பாடப் போனது. லிங்கன் நினைவகம், 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடிய அதே படிகள். கறுப்பு உடை, உச்சி வெயில், வெள்ளைக் கல்லின் காந்தல் வேறு. இரண்டாவது பாட்டில் பின்வரிசையில் நின்ற என் மகன் மயங்கிச் சாய்ந்தான்.

“பயப்படாதீங்க அக்கா” என்று தமிழில் ஒரு குரல். அவனை நிழலில் படுக்கவைத்து, காலைப் பையின் மேல் உயர்த்தி, உங்கள் துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றினீர்கள். அப்புறம் மற்ற பிள்ளைகளிடம், முட்டியை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி நிற்கச் சொன்னீர்கள். கேமராவும் கையுமாக நின்ற பெற்றோர் யாருக்கும் இது தெரியவில்லை!

மாலையில் இரண்டாம் உலகப் போர் நினைவிடத்தில் அவனும் பாடினான். ரொம்ப நன்றிம்மா. இதைப் பார்த்தால் சொல்லுங்கள், துப்பட்டாவைத் திருப்பித் தர வேண்டும்.